க்ளே தாம்ப்சன் அன்று ஆடியது 20 நிமிடம்தான்

2022 ஜனவரி 9, ஞாயிறு மாலை. சான் பிரான்சிஸ்கோவின் சேஸ் சென்டர் அரங்கில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கிளீவ்லாந்து கவாலியர்ஸை 96-82 என்று தோற்கடித்தது. என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கில், சீசன் நடுவில் வரும் சாதாரண ஆட்டம்தான். இருந்தும் கூடைப்பந்து ரசிகர்கள் இன்றுவரை அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், காயங்களால் வெளியே இருந்த வாரியர்ஸ் வீரர் க்ளே தாம்ப்சன் 941 நாட்களுக்குப் பிறகு களமிறங்கிய ஆட்டம் அது. சொந்த அணியின் புது அரங்கத்தில் அவர் ஆடிய முதல் ஆட்டமும் அதுவே. இரண்டாம் கால்பகுதியில் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்து ஒற்றைக் கையால் ஒரு டங்க் (குதித்துப் பந்தைக் கூடைக்குள் அறைவது) அடித்தார், அரங்கமே எழுந்து நின்றது. மொத்தம் 17 புள்ளிகள்.

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். முட்டி ஆபரேஷன் முடிந்து என்னிடம் வரும் கூடைப்பந்துப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஆட்டம் மனப்பாடம். டங்க் வீடியோவை போனில் வைத்திருக்கிறார்கள், 17 புள்ளிகளையும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுகிற எண்ணைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அன்று க்ளே ஆடியது 20 நிமிடம். காயத்துக்கு முந்தைய சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 34 நிமிடம் ஆடியவர் அவர். புள்ளி வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு நேரம்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் இறக்கினார்கள். அடுத்தடுத்த இரண்டு நாட்களில் ஆட்டம் வந்தால் ஒன்றில்தான் ஆடவிட்டார்கள். திரும்பி வந்த நாளோடு சிகிச்சை முடிந்துவிடவில்லை, அந்த நாளும் சிகிச்சைக்குள்தான் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கோச்களும் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கதை தொடங்கிய இடத்துக்குப் போகலாம். 2019 ஜூன் 13, டொராண்டோ ராப்டர்ஸுடன் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ஓக்லாந்தின் ஓரக்கிள் அரங்கத்தில் வாரியர்ஸ் ஆடிய கடைசி ஆட்டம். டங்க் அடிக்கப் போய்த் தரையிறங்கும்போது க்ளேவின் இடது முட்டியில் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிந்தது. பிடித்துத் தாங்கி உடைமாற்றும் அறைப் பக்கம் அழைத்துப் போனார்கள். பாதி வழியில் திரும்பி வந்து, ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு உள்ளே தள்ளிவிட்டுத்தான் வெளியேறினார். ரசிகர்கள் இதை வீரக்கதையாகச் சொல்கிறார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் பார்க்க வேண்டியது வேறு ஒன்று: ஏசிஎல் கிழிந்த பிறகும் ஒருவரால் நடக்க முடியும், நின்று பந்து போட முடியும். நேராக நடப்பதற்கு அந்த ஜவ்வு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும்தான் அதற்கு வேலை.

அதனால்தான் இங்கே அது அடிக்கடி தவறவிடப்படுகிறது. "நடக்கிறானே, சுளுக்காத்தான் இருக்கும்" என்று எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்கள். பத்து நாளில் வீக்கம் வடிகிறது, பையன் மறுபடி ஆடப் போகிறான், திரும்பும்போது முட்டி விலகுகிறது, கூடவே குருத்தெலும்பும் அடிபடுகிறது. முட்டி திருகிய நொடியில் 'டப்' என்று உள்ளே சத்தம் கேட்டது, சில மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டது, பிறகு காலை ஊன்றித் திரும்பினால் முட்டி நழுவுகிற மாதிரி இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உருவ வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, ஆபரேஷன் ஆகிவிட்டது. அதற்கப்புறம் நான் அதிகமாகக் கேட்கும் கேள்வி: "மேடம், நடக்கிறேன், மாடி ஏறுறேன், வலியே இல்ல. இன்னும் என்ன?" பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது மாதத்தில் இது வரும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிழிந்த ஏசிஎல்லை பெரும்பாலும் அப்படியே தைப்பதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாணில் ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய அன்று அந்தப் பட்டை நல்ல உறுதியாகவே இருக்கும். அப்புறம்தான் சிக்கல். ரத்த ஓட்டம் அறுபட்ட திசு அது. அதிலிருக்கும் பழைய செல்கள் அழிந்து, புது ரத்தக் குழாய்களும் புது செல்களும் உள்ளே வளர வேண்டும். இந்த மாற்றம் நடக்கும் முதல் சில மாதங்களில் பட்டை பொருத்திய நாளைவிட பலவீனமாகிவிடுகிறது. அதே சமயத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி போய், பிள்ளைக்கு முட்டி லேசாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. வெளியே நன்றாக இருக்கிறது, உள்ளே பட்டை தன் மோசமான கட்டத்தில் இருக்கிறது. வலி இல்லை என்பதை ஆடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்வது இதனால்தான்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2016-ல் வெளியான, நார்வேயின் ஓஸ்லோவையும் அமெரிக்காவின் டெலவேரையும் சேர்ந்த ஆய்வாளர்களின் கட்டுரை எங்கள் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறு காய விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடை பலம், ஒற்றைக்கால் தாவல் முதலிய சோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு முட்டியில் மறுபடி காயம். தேறிய பின் திரும்பியவர்களில் சுமார் 6 சதவீதம். வயதும் முக்கியம். 25 வயதுக்குக் கீழே, மறுபடி விளையாட்டுக்குப் போனவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மறு முட்டியிலோ ஏசிஎல் மீண்டும் கிழிகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். என் முன்னால் உட்காருபவர்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள்தான்.

சோதனையில் எண்களோடு கண்ணும் வேலை செய்ய வேண்டும். இதைக் கோச்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மைதானத்தில் இதைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் அவர்கள்தான். வலது கைப் பழக்கமுள்ள பிள்ளை வலப்பக்கமிருந்து லே-அப் (ஓடி வந்து கூடைக்கு அருகிலிருந்து பந்து போடுவது) போடும்போது இடது காலை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். இடது முட்டியில் ஆபரேஷன் ஆன பிள்ளையைக் கவனியுங்கள். பல நேரம், தனக்கே தெரியாமல், கடைசி அடியில் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி எழும்பும். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு, குதித்து இறங்கும்போது நல்ல கால்தான் முதலில் தரையைத் தொடும். தற்காப்பு ஆட்டத்தில் பக்கவாட்டில் நகரும்போது ஒரு அடி தாமதம் இருக்கும். கூடையில் பந்து விழுகிறது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. உடம்பு இன்னும் அந்தக் காலை நம்பவில்லை என்பதுதான் இதன் பொருள். அப்படிப்பட்ட பிள்ளையை ஆட்டத்தில் இறக்கினால், எதிராளி தள்ளுகிற ஒரு நொடியில் அந்தக் காலில்தான் விழ வேண்டி வரும்.

க்ளேவுக்கு முட்டி ஆறி வந்த நேரத்தில், 2020 நவம்பரில், பயிற்சி ஆட்டம் ஒன்றில் வலது காலின் அகிலிஸ் தசைநாண் அறுந்தது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் கயிறு அது. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதை ஒரு காட்சி சொல்கிறது. 2021 நவம்பர் 26 அன்று வாரியர்ஸ் சொந்த அரங்கில் போர்ட்லாந்தை வென்றது. ரசிகர்கள் கொண்டாடிவிட்டுக் கலைந்தார்கள். ஆடாத க்ளே மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்கும் மேலாக பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அணி ஜெயித்த நாளில், மூன்று முறை பட்டம் வென்ற ஒருவர், எல்லா வசதியும் இருந்தும் இப்படி உட்கார்ந்திருந்தார் என்றால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? தோழிகள் மண்டல அளவில் ஜெயித்துவிட்டு வாட்ஸ்அப்பில் படம் போடும் நாளில் என்னிடம் வரும் பெண் பயிற்சியே செய்யமாட்டாள். அன்று பயிற்சியில் தூக்கும் எடையைக் கூட்டச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை என்பது என் அனுபவம். பெற்றோர் அந்த நாட்களைக் கண்டுகொள்ள வேண்டும். தூக்கம் குறைவது, அணியின் ஆட்டத்தைப் பார்க்கவே மறுப்பது, 'இனி ஆடி என்ன' என்று பேசுவது, இவை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போவதும் சிகிச்சையின் பகுதிதான்.

ரசிகர்களின் பேச்சுக்கு எவ்வளவு பலம் உண்டு என்று பார்க்க டெரிக் ரோஸின் கதை போதும். 2011-ல், 22 வயதில், என்பிஏவின் மிக இளைய எம்விபி, அதாவது சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். 2012 ஏப்ரலில் சிகாகோ புல்ஸ் சொந்த அரங்கில் பிலடெல்பியாவை வென்றுகொண்டிருந்த ஆட்டத்தில், 12 புள்ளி முன்னிலையில், ஒன்றரை நிமிடம்கூட மீதமில்லாத நேரத்தில் இடது முட்டியில் ஏசிஎல் கிழிந்தது. அடுத்த சீசனில் மருத்துவர்கள் ஆடலாம் என்று சொன்ன பிறகும், தனக்கு இன்னும் தயாராகத் தோன்றவில்லை என்று உட்கார்ந்தார். சொந்த ஊர் ரசிகர்களே அவரைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். மருத்துவரின் அனுமதியும் ஆட்டக்காரரின் மனத்தயார்நிலையும் வேறு வேறு, இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்டம். அடுத்த சீசன் தொடக்கத்தில் திரும்பி வந்தவர், 2013 அக்டோபர் 31 அன்று சிகாகோவில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் கூடை போட்டு 82-81 என்று ஜெயிக்க வைத்தார். திட்டியவர்களே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். மூன்று வாரம் கழித்து போர்ட்லாந்தில் வலது முட்டியின் மெனிஸ்கஸ், அதாவது முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு, கிழிந்தது. பொறுத்திருந்தால் காயமே வராது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வாய்ப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான் எங்களால் முடியும்.

இன்னொரு பழைய கதை 1970 மே 8-ஐப் பற்றியது. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். தொடைத் தசை கிழிந்திருந்த வில்லிஸ் ரீட், ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி இறங்கி, நிக்ஸின் முதல் இரண்டு கூடைகளைப் போட்டார். நிக்ஸ் 113-99 என்று லேக்கர்ஸை வென்றது. இந்தக் கதையின் நிழல் என் அறைவரை வருகிறது. "ஒரே ஒரு மேட்ச் மேடம், ஊசி போட்டுட்டு ஆடிக்கிறேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிபிகேட் வேணும்" என்று கேட்கும் பிள்ளைகளின் அவசரம் எனக்குப் புரிகிறது, கல்லூரி இடம் சின்ன விஷயமில்லை. ஆனால் ரீட் அன்று போட்டது அந்த நான்கு புள்ளிகள்தான். 36 புள்ளிகளும் 19 அசிஸ்ட்டும் (சக வீரர் கூடை போட வழி செய்யும் பாஸ்) கொடுத்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர், ஊசி போடாத வால்ட் ஃப்ரேசியர். மரத்துப்போக வைக்கும் ஊசி கிழிசலை ஒட்டாது. 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொல்லும் தகவலை மட்டும் அது மறைக்கும். 2019 இறுதித் தொடரில் கெண்டைக்கால் காயத்திலிருந்து ஒரு மாதத்தில் திரும்பிய வாரியர்ஸ் வீரர் கெவின் டுரான்ட், 12 நிமிடம் ஆடி 11 புள்ளி எடுத்து, அதே காலின் அகிலிஸ் அறுந்து ஒரு முழு சீசனை இழந்தார். முதல் காயத்தால்தான் இரண்டாவது வந்தது என்று வெளியிலிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைய 11 புள்ளியைப் பார்த்து "டுரான்ட் முழுசா வந்துட்டார்" என்று முடிவு கட்டியிருந்தால், அது தவறு என்று சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது.

க்ளே திரும்பி வந்த சீசனில் 32 ஆட்டம் ஆடி, சராசரியாக 20 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். ஜூன் மாதம் வாரியர்ஸ் பட்டம் வென்றது. இதற்கு நடுவே சில வாரங்கள் குறி தப்பித் தப்பிப் போனபோது "முடிஞ்சுபோச்சு" என்று எழுதியவர்களும் உண்டு. நீண்ட காயத்துக்குப் பின் ஆட்டம் ஏறி இறங்குவது இயல்பு. கால் பலம் குறைந்தால் கூடைக்குப் பந்து எறியும் தூரம் குறையும், கடைசி கால்பகுதியில் மூச்சு வாங்கும், பந்து கூடையின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பும். அதை வைத்து ஒரு பிள்ளையை மதிப்பிடாதீர்கள்.

உங்கள் அணியில் யாராவது திரும்பி வருகிறார்கள் என்றால், முதல் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்று பிசியோவிடம் கேட்டு, ஸ்கோர் டேபிளில் இருப்பவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது யாருக்கும் நேரம் நினைவிருக்காது, அதனால்தான் எழுதச் சொல்கிறேன். நம் டோர்னமென்ட்களில் இன்னொரு சிக்கல், நாக்அவுட் என்றால் தினமும் ஆட்டம், சில இடங்களில் காலையும் மாலையும். க்ளேவுக்கே அடுத்தடுத்த நாட்கள் கொடுக்கவில்லை. ஆகவே திரும்பி வரும் பிள்ளைக்கு முதல் போட்டியாக டோர்னமென்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பக்கத்துக் கிளப்போடு ஒரு நட்பு ஆட்டம், பத்து நிமிடம், மறுநாள் காலை முட்டி வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. வீக்கம் இல்லையென்றால் மூன்று நாள் கழித்துப் பதினைந்து நிமிடம். வீங்கியிருந்தால் ஐஸ் வைத்துவிட்டு எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்கள், அன்று மாலைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம்.