ஊட்டிக்குப் போக இ-பாஸ்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

கோடை விடுமுறைக்கு நீலகிரி போகிறவர்கள் முதலில் கேட்பது, "இ-பாஸ் கிடைக்குமா?" என்பதுதான். கொரோனா காலத்து இ-பாஸ் ஞாபகம் இன்னும் போகவில்லை. அப்போது காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். இது அப்படியில்லை. உங்கள் வண்டி எந்த நாளில் மலையேறுகிறது என்ற பதிவு, அவ்வளவுதான். கட்டணமும் கிடையாது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 அன்று நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அதனால் சனி, ஞாயிறுதான் போவேன் என்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள்.

இந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நான் நினைக்கிறேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயி காலையில் பறித்த பசுந்தேயிலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். மூட்டைக்குள் அடைந்து கிடந்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும், விலை போகாது. அந்த லாரியும் ஆம்புலன்ஸும் நம் காரும் ஏறி இறங்க இருப்பது அதே குறுகலான மலைப்பாதைதான்.

தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால், பெயர், வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள், எங்கே தங்கல் என்று கேட்கும். ஒரு வண்டிக்கு ஒரு பாஸ். வாடகை வண்டியென்றால் அதன் எண்ணை முதல் நாளே டிரைவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பாஸில் உள்ள கியூஆர் கோடைச் சோதனைச் சாவடியில் ஸ்கேன் செய்வார்கள். கல்லாறு வரை வந்து, பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்க, சிக்னலைத் தேடிக்கொண்டு பதிவு செய்யும் பாடு வேண்டாம். வீட்டிலேயே முடித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்க்காரர்களின் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினாலும் அப்படியே.

அப்புறம், 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.