முதலில் எழுது, பிறகு நட

கொழும்பில், காலி நகருக்குப் போகும் காலி வீதி ஓடும் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தரம் 9 வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள், இரண்டு மின்விசிறிகள். "காலையில் காலி வீதியில் தனியார் கார்களை விடக்கூடாது. சரியா, பிழையா?" என்று ஆசிரியர் கேட்கிறார். கை உயர்த்துவது வழக்கமான அந்த நாலு பேர்தான்.

இனிக் கதிரைகளை ஓரமாக்கிவிட்டு அதையே கேளுங்கள், ஆனால் பதிலாகப் பிள்ளைகள் தம் கருத்துக்கேற்ற இடத்துக்கு நடந்துபோய் நிற்கட்டும். சன்னல் பக்கம் முழுச் சம்மதம், கதவுப் பக்கம் அறவே இல்லை, இடையில் மற்ற நிலைகள். வாய் திறக்காத பிள்ளையும் எங்காவது நின்றுதானே ஆகவேண்டும்? நின்றபின், ஏன் இங்கே நிற்கிறேன் என்று மனம் காரணம் தேடத் தொடங்கும்.

நடக்கும் நேரமும் வீண் அல்ல. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். வகுப்பைக் கடக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும். 

சிக்கல் எங்கே என்றால், கால்கள் கருத்தின் பின்னால் போகாமல் நண்பியின் பின்னால் போய்விடும். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனையில், எந்தக் கோடு காட்டிய கோட்டுக்குச் சம நீளம் என்பது கண்ணுக்கே தெரிந்தும், கூட இருந்தவர்கள் பிழையாகச் சொன்னதால் நாலில் மூன்று பங்கினர் ஒரு தடவையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். விடையைத் தனியாக எழுதச் சொன்னபோது அந்த இழுபடல் வெகுவாகக் குறைந்தது. உண்மையைச் சொல்லும் ஒரேயொருவர் கூட இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே நடக்குமுன் அரை நிமிடம் கொப்பியில் ஒரு வரி எழுத வையுங்கள். நான் பார்த்தவரை அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். அப்புறம் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்க விடுங்கள், துணை கிடைக்கும். முதலில் பேச வேண்டியது ஆள் குறைந்த பக்கம். மனம் மாறினால் இடமும் மாறலாம். யார் எந்தச் சொல்லுக்கு அசைந்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வகுப்பில் இடம் போதாவிட்டால், தாழ்வாரத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போதும். கதிரைகளை மட்டும் இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சத்தம் கேட்டுக் கீழ்மாடி டீச்சர் படியேறி வந்துவிடுவார்.