தடித்த எழுத்தில் இல்லாத வரிகள்

சில மாதங்களுக்கு முன் 58 வயதுக்காரர் ஒருவர் செக்கப் ரிப்போர்ட்டோடு வந்தார். உட்காரும்போதே, "டாக்டர், எஸ்ஜிபிடி கூடுதலா இருக்கு, ஈரல் கெட்டுப்போச்சா?" என்றார். அந்த ஒரு வரிதான் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. எல்லையைவிட இரண்டே புள்ளி அதிகம். அவரை விசாரித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பயப்பட ஒன்றும் இல்லை.

நல்லவேளையாக முந்தைய இரண்டு வருட ரிப்போர்ட்டுகளும் பையில் இருந்தன. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஹீமோகுளோபின் 15.1, அடுத்த வருடம் 14.2, இப்போது 13.2. ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பதால் மூன்று வருடமும் 'நார்மல்'. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 90இலிருந்து 81க்கு இறங்கியிருந்தது. அதற்கும் கீழ் எல்லை 80 என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று சொல்லும் ஃபெரிட்டின் பார்த்தோம், மிகக் குறைவு. இந்த வயதில் ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். தேடியதில் பெருங்குடலில் ஒரு பாலிப், அதாவது சிறு சதை வளர்ச்சி, இருந்தது. புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் போட்டிருக்கும் 'நார்மல்' எல்லை எப்படி வருகிறது தெரியுமா? பெரும்பாலான சோதனைகளில், ஆரோக்கியமானவர்களில் 100க்கு 95 பேரின் அளவு எதற்குள் வருகிறதோ அதுதான் எல்லை. மீதி 5 பேர் நோயே இல்லாமல் வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே போக சுமார் 64 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால்தான், தடித்த எழுத்தைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் வருபவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்.

சர்க்கரை அப்படியல்ல. எந்த அளவுக்கு மேல் விழித்திரை பாதிக்கத் தொடங்குகிறது என்று பார்த்து வைத்த எல்லை அது. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி என்றால் 6.5. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும், ஏனென்றால் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆனால் சிவப்பணுவிலேயே கோளாறு இருந்தால் இந்த எண்ணும் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். மேலே சொன்னவருக்கு 5.9, ஆனால் வெறும் வயிற்றில் 92தான். சர்க்கரை வரப்போகிறது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் விஷயமே வேறாகியிருக்கும்.

சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவான கிரியேட்டினினும் இதே மாதிரிதான், எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். தசை அதிகமுள்ள 25 வயது இளைஞருக்கு 1.0 என்றால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அதே 1.0 ஒரு 80 வயதுப் பாட்டிக்கு வந்தால், வடிகட்டும் திறன் 60க்குக் கீழே போயிருக்கும். ஆகவே அந்த வடிகட்டும் திறனைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் என்ற வரியையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையைத் தவறவிடவே கூடாது. கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும்.

இசிஜி நார்மல் என்பதால் இதயக் குழாயில் அடைப்பே இல்லை என்று ஆகிவிடாது. நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்றால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், பெரிய பேக்கேஜ்களில் புற்றுநோய்க் குறியீடு என்று சேர்க்கப்படும் ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை, அறிகுறி இல்லாதவர்களுக்கு வீண் பயத்தைத்தான் தருகின்றன. முடிக்காகவோ நகத்துக்காகவோ பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டு சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், முடிவையே அது மாற்றிக்காட்டும்.

பழைய ரிப்போர்ட்டுகளை மட்டும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஃபோனில் படமெடுத்து வைத்தாலும் சரி. தேதியும் லேபின் பெயரும் படத்தில் விழ வேண்டும். லேபுக்கு லேப் முறை மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும்.