எந்த இயந்திரத்தில் வேலை செய்யப் போகிறீர்கள்?

அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்கு வர ஆசைப்படும் மாணவர்கள் யோசனை கேட்டு வரும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். பலர் திகைத்துப் போகிறார்கள். சூரியனுக்குள் லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தருவதைப் பூமியில் நடத்திக் காட்ட வேண்டும் என்ற கனவோடு வந்தவர்களிடம் இயந்திரத்தைப் பற்றி அதுவரை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். எலக்ட்ரான்கள் பிரிந்துபோகும் அளவுக்குச் சூடான வாயுவான பிளாஸ்மாவை அளக்கும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: இங்கே ஒருவருடைய வாழ்க்கை எப்படி அமையும் என்பது அவர் வாங்கிய மதிப்பெண்ணைவிட, அவர் போய்ச் சேரும் இயந்திரத்தின் வயதைப் பொறுத்தே அதிகம் அமைகிறது.

இங்கிலாந்தில் கல்ஹாமில் இருந்த ஜெட் டோகமாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டோகமாக் என்பது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் வளைய வடிவ இயந்திரம். 1983இல் முதல் பிளாஸ்மா, 2023 டிசம்பரில் கடைசிப் பிளாஸ்மா. 25 வயதில் அங்கே சேர்ந்த ஒருவர் 65 வயதில் அது அணைவதைப் பார்த்திருப்பார். மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அது 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைத் தந்து தன் சாதனையைத் தானே முறியடித்தது. பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் டோகமாக்கின் கதை வேறு மாதிரி. பிரான்சில் அதைக் கட்டுவதற்கான ஒப்பந்தம் 2006இல் கையெழுத்தானது. 2024இல் வெளியான திருத்திய அட்டவணைப்படி ஆய்வு தொடங்குவது 2034இல், டியூட்டிரியம், ட்ரிட்டியம் என்ற இரண்டு கன ஹைட்ரஜன் வகைகளையும் சேர்த்து எரிப்பது 2039இல். ஒப்பந்தம் போட்டபோது 27 வயதில் முனைவர் பட்டம் முடித்த ஒருவருக்கு அந்த நாளில் 60 வயது ஆகியிருக்கும். இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்த பிறகும் "வருகிறேன்" என்று சொல்கிற பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. கூட்டிப் பார்க்காமல் வருகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

2022 டிசம்பர் 5க்குப் பிறகு இப்படி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில், எரிபொருள் உருண்டை இருந்த இலக்குக்குள் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. உண்மையிலேயே பெரிய நாள்தான், எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். இரண்டு எண்ணையும் சேர்த்துத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, அன்றாட வேலை எப்படி இருக்கும்? பத்துக் கோடி டிகிரி, பதினைந்து கோடி டிகிரி என்று படித்துவிட்டு வருகிறவர் முதல் வருடம் முழுக்கப் பிளாஸ்மாவை உண்டாக்கும் வெற்றிடக் கலத்தோடு மல்லுக்கட்டுவார். எங்கோ ஒரு மூட்டில் காற்று கசியும். ஹீலியம் வாயுவை மெல்லிய குழாயில் பிடித்துக்கொண்டு பாகங்களை இணைக்கும் ஒவ்வொரு ஃபிளாஞ்சின் விளிம்பிலும் லேசாக ஊதி, லீக் டிடெக்டரின் முள் எப்போது துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாகத்தான் வர வேண்டும். ஹீலியம் காற்றைவிட லேசானது. கீழே ஊதினால் மேலே ஏறிப்போய் அங்கே இருக்கும் ஓட்டைக்குள் நுழைந்துவிடும், நீங்கள் கீழே இருக்கும் நல்ல மூட்டைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். கையுறை இல்லாமல் உள்பாகம் ஒன்றைத் தொட்டால் போதும், விரலின் எண்ணெய்ப் பசை வாயுவாக வெளியேறிக்கொண்டே இருந்து வெற்றிடத்தைக் கெடுக்கும். எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் இந்த வேலைதான் எனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது.

அப்புறம் அளவீடு. இந்தத் துறையின் வரலாறே ஒரு விதத்தில் அளவீட்டின் வரலாறுதான். 1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஜீட்டா இயந்திரத்தில் இணைவு நடந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நியூட்ரான்கள் வந்தது உண்மைதான். அவற்றின் ஆற்றலைத் திசைவாரியாக அளந்து பார்த்தபோது வெப்பத்தால் வந்தவை அல்ல என்று தெரிந்தது. பிளாஸ்மா நிலைகுலையும்போது வேகம் பிடித்த சில அயனிகளிடமிருந்து வந்தவை அவை. சில மாதங்களில் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பத்து வருடம் கழித்து, 1968இல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில், சோவியத் விஞ்ஞானி லெவ் ஆர்ட்சிமோவிச்சின் குழு தங்கள் டி-3 டோகமாக்கில் ஒரு கோடி டிகிரியை எட்டியதாகச் சொன்னபோது மேற்கில் பலர் நம்பவில்லை. ஜீட்டாவில் சூடு கண்டவர்கள் அல்லவா! ஆர்ட்சிமோவிச் கோபப்படவில்லை, நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்றார். பனிப்போர்க் காலத்தில், கல்ஹாம் விஞ்ஞானிகள் லேசர் கருவிகளை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், எலக்ட்ரான்கள் சிதறடித்த ஒளியின் நிறம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிட்டார்கள். ஆர்ட்சிமோவிச் சொன்னது சரி. 1969இல் அந்த முடிவு வெளிவந்த சில மாதங்களிலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஸ்டெல்லரேட்டர் என்ற வேறு வகைக் காந்த இயந்திரம் ஒன்றையே டோகமாக்காக மாற்றினார்கள். எத்தனை பேருடைய ஆய்வு வாழ்க்கை அந்த ஒரு அளவீட்டால் திசை திரும்பியிருக்கும்!

என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் அனுபவத்தையும் சொல்கிறேன். பிளாஸ்மாவின் ஓரத்தில் லாங்மூர் புரோப் என்ற சிறு உலோக முனையை வைத்து, அது வாங்கும் மின்னோட்டத்திலிருந்து அடர்த்தியை அளந்துகொண்டிருந்தாள். வாரத்துக்கு வாரம் அடர்த்தி கூடிக்கொண்டே போனது. கட்டுரை எழுதலாம் என்று நானே சொல்லிவிட்டேன். "ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்துவிடலாம் சார்" என்றவள் அவள்தான். எடுத்தோம். புரோப் முனையைச் சுற்றி இருந்த வெள்ளைப் பீங்கான் உறை சாம்பல் நிறமாகியிருந்தது. சுவரிலிருந்து வந்த உலோகம் மெல்லிய படலமாக அதன்மேல் படிந்து, மின்கடத்தாத உறையே மின்சாரம் வாங்கத் தொடங்கியிருந்தது. வாங்கும் பரப்பு கூடியதால் மின்னோட்டம் கூடியது. பிளாஸ்மா அப்படியேதான் இருந்தது. ஒரு மாதத் தரவு போயிற்று. இன்று அவள் கணினிச் சிப் தயாரிக்கும் துறையில் இருக்கிறாள். அங்கே சிலிக்கான் தகட்டில் பள்ளம் செதுக்குவது பிளாஸ்மாதான், உறையில் படலம் படிகிற தொல்லையும் அதேதான். இணைவுக்கு என்று கற்ற கைப்பழக்கம் சிப், செயற்கைக்கோள் உந்துவிசை, உலோகப் பூச்சு என்று பல இடங்களில் சோறு போடும். பிள்ளை இந்தத் துறைக்குப் போகிறான் என்று பயப்படும் பெற்றோருக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன்.

கோட்பாடு, கணினிப் போலியாக்கம் என்று போகிறவர்களுக்கு இயந்திரக் கவலை குறைவு. அவர்களும் மாதத்தில் ஒரு நாளாவது கட்டுப்பாட்டு அறையில் வந்து உட்கார வேண்டும் என்பது என் கருத்து.

மறைக்கக் கூடாத விஷயம் வேலை ஒப்பந்தம். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தற்காலிகப் பதவிகள், பெரும்பாலும் வேறு வேறு நாடுகளில். நிரந்தர வேலை கிடைப்பதற்குள் முப்பதுகளின் பாதி போய்விடும். துணைவருக்கும் ஒரு வேலை வேண்டும், குழந்தைக்குப் பள்ளி வேண்டும். இந்தக் கட்டத்தில் நல்ல ஆட்கள் விலகிப்போவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அவர்கள் தோற்றவர்கள் என்று யாராவது பேசினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இயந்திரங்களும் நிதி நின்றால் மூடப்படும். எம்.ஐ.டி.யின் அல்கேட்டர் சி-மாட் டோகமாக் 2016 செப்டம்பரில், இயங்கிய கடைசி நாளில் பிளாஸ்மா அழுத்தத்தில் உலக சாதனை படைத்துவிட்டு அணைந்தது. அந்தச் சூழலிலிருந்து வந்தவர்கள் 2018இல் தொடங்கிய தனியார் நிறுவனம், எம்.ஐ.டி.யோடு சேர்ந்து 2021இல் 20 டெஸ்லா (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) வலிமையுள்ள காந்தத்தை இயக்கிக் காட்டியது. தனியார் வேலை இப்போது நிஜமான ஒரு வழி. ஆனால் முதலீடு வற்றினால் அதுவும் வற்றும்.

பாதுகாப்பைப் பற்றிப் புதியவர்களிடம் நான் ஒருபோதும் அவசரமாகப் பேசுவதில்லை. மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் தொகுதியை ஒரு முறை வெறுமையாக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருள் பிடித்து வைத்திருக்கும் மின்னூட்டம் மெல்ல வெளியே வந்து, சிறிது நேரத்தில் முனைகளில் மறுபடி மின்னழுத்தம் ஏறிவிடும். அதனால் தரைக்கம்பியைத் தொட்டுவிட்டு எடுக்காமல், வேலை முடியும்வரை அங்கேயே மாட்டி வைக்க வேண்டும். எத்தனை மூத்தவர் அவசரப்படுத்தினாலும் சரி, கம்பி மாட்டாத தொகுதிக்குள் கை விடாதீர்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். போன வருடம் இயந்திரம் எத்தனை ஷாட் (ஒரு தடவை பிளாஸ்மா உண்டாக்குவது ஒரு ஷாட்) ஓடியது? மேம்படுத்துவதற்காக எப்போது நிறுத்தப் போகிறார்கள், எத்தனை மாதம்? அந்த மாதங்களில் நான் எந்தத் தரவில் வேலை செய்வேன், பழைய தரவு யார் கையில் இருக்கிறது? முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களில் இருவரோடு தொலைபேசியில் பேசலாமா? நல்ல வழிகாட்டி கடைசிக் கேள்விக்குத் தானே எண்களை எடுத்துக் கொடுப்பார்.