திரைக் குதிரைக்கு உயிர் எங்கே இருக்கிறது?

கோடை விடுமுறைக்குக் கண்டனூர் வீட்டுக்கு வந்திருந்த அக்காள் மகளுக்கு ஒன்பது வயது. வளவில், ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சியில் குப்புறப் படுத்துக்கொண்டு டேப்லெட்டில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தாள். பிடரி மயிர் பறக்க ஒரு செம்பழுப்புக் குதிரை புல்வெளியில் பாய்ந்துகொண்டிருந்தது. ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு ஓட்டிப் பார் என்றேன். நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்து, "சித்தி, குதிரை மிதக்கிறது" என்றாள்.

அடுப்படியிலிருந்து இரண்டு கொட்டாங்கச்சிகளை எடுத்து வந்தேன். தரையில் கவிழ்த்து, திரையில் குளம்பு பதியும் நேரம் பார்த்துத் தட்டினேன். மூன்று தட்டு, ஒரு சின்ன இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. வானொலி நாடகக்காரர்கள் குளம்பொலிக்குக் கையாண்ட பழைய உத்திதான் இது. "இப்போது ஓடுகிறது!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. குதிரைக்கு எடை மட்டும் வந்திருந்தது.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளக் குதிரையின் கால்களைத்தான் பார்க்க வேண்டும். மெதுவாக நடக்கும்போது நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக விழும். தகதிமி என்று நாலு தட்டு. கொஞ்சம் வேகம் கூடினால் வரும் அடுத்த நடை டிராட். முன் இடக்காலும் பின் வலக்காலும் சேர்ந்து விழும், பிறகு மற்ற இரண்டும் சேர்ந்து விழும். தக, தக என்று இரண்டே தட்டு. அதற்கும் மேலே கேன்டர். ஒரு பின்னங்கால் தனியாக, அடுத்து ஒரு குறுக்கு ஜோடி, கடைசியில் ஒரு முன்னங்கால். தகிட என்று மூன்று விழுந்து, குதிரை ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். நான் கொட்டாங்கச்சியில் தட்டியது இதைத்தான். நாலுகால் பாய்ச்சலில் அந்தக் குறுக்கு ஜோடியும் பிரிந்து நான்கு தட்டாகிவிடும். நம் பழைய நிகண்டுகளும் குதிரையின் ஓட்டத்தை ஐந்து கதிகளாகப் பிரித்து, மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கின்றன. வேகத்தை அளப்பதற்கு முன்பே தாளத்தைக் கவனித்த காதுகள் அவை.

அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களை பின்னும் நீட்டியபடி குதிரை பறப்பதாகவே ஐரோப்பிய ஓவியர்கள் பலர் வரைந்துவந்தார்கள். 1878-ல் கலிஃபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓட்டப் பாதையோரம் கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. நான்கு குளம்புகளும் தரையை விட்டுக் கிளம்புகின்றன, ஆனால் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடியிருக்கும்போது.

இன்னொரு செய்தி கணினி விளையாட்டுகளை உருவாக்குபவர்களுக்கு மிகவும் முக்கியமானது. 1981-ல் ஹாய்ட், டெய்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மட்டக்குதிரைகளை ஓடுபட்டையில் (டிரெட்மில்) ஓடவிட்டு, அவை செலவழிக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் செலவு மிகக் குறைவாக உள்ள ஒரு வேகம் இருந்தது. குதிரைகளை அவற்றின் விருப்பத்துக்கு விட்டபோது, அந்தச் சிக்கன வேகங்களை ஒட்டியே அவை ஓடின. இடைப்பட்ட வேகங்களைப் பெரும்பாலும் தவிர்த்தன. ஆகவே குதிரையின் வேகம் சரிவுப் பாதைபோல ஒரே சீராக ஏறுவதில்லை, படிக்கட்டுபோல ஏறுகிறது. நல்ல விளையாட்டுகளில் பொத்தானை அழுத்த அழுத்தக் குதிரை ஒவ்வொரு படியாக நடை மாறுவது வெறும் வசதிக்காக வைத்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். அது குதிரையின் உடலிலேயே இருக்கும் ஏற்பாடு.

இதைத் திரையில் கொண்டுவருவது கடினமான வேலை. உண்மைக் குதிரையின் மூட்டுகளில் சிறு குறிகளை ஒட்டி, ஓடவிட்டு, அந்தக் குறிகளின் அசைவை மட்டும் பல கேமராக்களால் பதிவுசெய்கிறார்கள். நடைக்கு ஒரு பதிவு, டிராட்டுக்கு ஒரு பதிவு என்று கையில் வந்துவிடும். சிக்கல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடத்தில் இருக்கிறது. நாலு தட்டையும் இரண்டு தட்டையும் அப்படியே கலந்து சராசரி எடுத்தால், எந்தக் குதிரையும் கால் வைக்காத விதத்தில் கால்கள் பின்னிக்கொள்ளும். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு நாயின் அசைவுப் பதிவுகளைக் கொண்டு நரம்பணு வலைப்பின்னல் (மாதிரிகளைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்) ஒன்றைப் பயிற்றுவித்து, நாலுகால் விலங்கின் நடை மாற்றங்களைக் கணினியே இயல்பாக உண்டாக்கும்படி செய்தார்கள்.

குளம்பு வழுக்குவது இன்னொரு தொல்லை. தரையில் பதிந்த குளம்பு பதிந்த இடத்திலேயே நிற்க வேண்டும். உடல்தான் அதன்மேல் நகர்ந்து போக வேண்டும். அக்கறையில்லாமல் செய்த விளையாட்டுகளில் பதிந்த குளம்பே பாசி படிந்த ஊருணிப் படியில் சறுக்குவதுபோல முன்னே இழுபடும். இதைத் தவிர்க்கக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். குளம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கு மூட்டுகள் எவ்வளவு மடங்க வேண்டும் என்று கீழிருந்து மேலாகக் கணக்கிடுகிறார்கள்.

மூட்டுகளில் ஒட்டும் அந்தக் குறிகள்தான் குழந்தைகள் ஏன் இதில் இப்படி ஒன்றிப்போகிறார்கள் என்பதற்கும் விடை சொல்கின்றன. 1973-ல் ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் யோஹான்சன், இருட்டில் நடக்கும் மனிதரின் மூட்டுகளில் உள்ள ஒளிப்புள்ளிகளை மட்டும் காட்டினார். உருவமே இல்லை, ஆனாலும் பார்த்தவர்கள் உடனே "ஒருவர் நடக்கிறார்" என்றார்கள். 2008-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், பிறந்து இரண்டே நாளான குழந்தைகளுக்கு ஒரு கோழியின் நடையை இப்படிப் புள்ளிகளாகக் காட்டினார்கள். ஒழுங்கற்று அலையும் புள்ளிகளை விட நடக்கும் கோழியையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. உயிருள்ளதன் அசைவைத் தேடும் கண்ணோடுதான் நாம் பிறக்கிறோம்.

எங்கள் பக்கத்துப் புரவி எடுப்பில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேளார் வடித்துச் சுட்ட மண் குதிரை நான்கு கால்களையும் விறைப்பாக ஊன்றி நிற்பது. விழிகள் பிதுங்கி, கழுத்தில் மணி மாலை தரித்து நிற்கும் அதில் ஓட்டத்தின் சாயலே இருக்காது. ஆனால் அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகத் தோளில் ஏற்றிவிட்டால், மேளத்துக்குத் தக்கபடி தூக்குபவர்களின் கால்கள் விழ, குதிரை மேலும் கீழுமாக எழுந்தெழுந்து வரும். தெருவில் நிற்கும் சிறுபிள்ளைகள் "வருது, வருது" என்று ஒதுங்குவார்கள். கீழே இருக்கும் மனிதக் கால்களின் தாளம் மேலே இருக்கும் மண்ணுக்கு ஏறிவிடுகிறது.

தாளம் மட்டும் போதாது, குதிரைக்கு ஒரு மனமும் வேண்டும். சவாரிக் குதிரை ஒன்றின் எடை சுமார் 450 முதல் 500 கிலோ. அது ஓடிக்கொண்டிருக்கும்போது கடிவாளத்தை இழுத்தால் அந்த இடத்திலேயே நிற்காது, சில எட்டுகள் போய்த்தான் நிற்கும். பல விளையாட்டுகளில் குதிரை மோட்டார் சைக்கிளைப்போலத் திரும்புகிறது. அவற்றைச் சிறுவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். 2005-ல் வந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' என்ற ஜப்பானிய விளையாட்டில் அக்ரோ என்ற குதிரை சொன்னதை உடனே கேட்பதில்லை, மரம் குறுக்கிட்டால் தானே விலகுகிறது. நிண்டெண்டோ 2017-ல் வெளியிட்ட 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' விளையாட்டில் காட்டுக் குதிரையைப் பிடித்து, அது அடங்கும்போதெல்லாம் தட்டிக் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். பழகிய பிறகு நாம் ஓட்டாவிட்டாலும் அது பாதையைப் பிடித்துப் போகும். இந்தத் தாமதமும் முரண்டும் ஆட்டத்தின் குறைகள் அல்ல. கையில் இருப்பது கருவியல்ல, இன்னொரு உயிர் என்று குழந்தையின் விரல் இவற்றால்தான் உணர்கிறது.

அப்படியும் விடுபடுவது நிறைய. பாய்ச்சலில் குதிரைக்கு ஓர் எட்டுக்கு ஒரு மூச்சுதான்; காலும் நுரையீரலும் பூட்டிக்கொண்டு இயங்கும். திரையிலோ குதிரையின் தெம்பைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு குறைந்து, சற்று நேரத்தில் தானே நிரம்பிவிடுகிறது. நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழிக்கும் விலங்குக்கு, அங்கே ஓர் ஆப்பிள் போதுமானதாக இருக்கிறது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தலுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லிப் புகழ்பெற்றது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து பார்த்தார். கேள்வி கேட்பவரின் தலையும் உடலும் அவரே அறியாமல் நுட்பமாக அசைவதைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது! கணக்குத் தெரியாத அந்தக் குதிரைக்கு மனிதரைப் படிக்கத் தெரிந்திருந்தது. விளையாட்டில் குழந்தை குதிரையைப் பார்க்கிறது, குதிரை குழந்தையைப் பார்ப்பதில்லை.

விடுமுறை முடிவதற்குள் அவளை ஒரு வண்டிப் பந்தயக் குதிரையிடம் அழைத்துப் போனேன். புளியமரத்தடியில் கட்டியிருந்தார்கள். ஆர்வத்தில் நேரே அதன் வால்புறமாக ஓடினாள். "பின்னால் போகாதே தாயி" என்று குதிரைக்காரர் அவசரமாகத் தடுத்துத் தோள்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். தலையின் இரு பக்கங்களிலும் கண் இருப்பதால் குதிரைக்கு ஏறத்தாழச் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும். வாலுக்கு நேர்பின்னாலும் நெற்றிக்கு நேர்முன்னாலும் மட்டும் தெரியாது. தெரியாத இடத்தில் அசைவு கேட்டால் உதைப்பது, இரையாகிவிடாமல் பிழைத்துவந்த விலங்கின் பழக்கம்.

அவள் அசையாமல் நின்றாள். குதிரை தலையைத் திருப்பவில்லை. அவள் பக்கத்துக் காது மட்டும் மெல்லச் சுழன்று அவளை நோக்கி நின்றது. மறு காது சாலையில் போன பஸ்ஸின் பக்கமே இருந்தது.

"சித்தி, நான் ஒன்றும் பேசவில்லையே, எதைக் கேட்கிறது?" என்றாள், மிகத் தாழ்ந்த குரலில்.

"உன் மூச்சை" என்றார் குதிரைக்காரர்.