ஆறு அரித்து வைத்த தங்கம்

1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில், ஜான் சட்டருக்காக மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், ஆலைக் கால்வாயின் அடியில் மின்னிய துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோருக்குச் சுரங்கத் தொழிலே தெரியாது. மண்வெட்டியும் ஒரு தட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் தங்கம் எடுக்க முடிந்ததென்றால், கடினமான வேலையை ஆறு முன்பே முடித்து வைத்திருந்ததுதான் காரணம்.

சாதாரணப் பாறையில் ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம்தான் இருக்கும். அதைப் பிரித்து லாபம் பார்க்க முடியாது. ஆனால் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதியின் ஆழத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், கந்தகம் கலந்த கொதிநீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு பாறை விரிசல்கள் வழியே மேலேறியது. அழுத்தம் குறைந்த இடங்களில் தங்கம் பிரிந்து, குவார்ட்ஸ் என்ற வெள்ளை நிறக் கனிமத்தோடு சேர்ந்து படிந்தது.

அப்புறம் மழையும் பனியும் மலையைத் தேய்த்தன. கூட இருந்த பல தாதுக்கள் துருவேறிச் சிதைந்தன. தங்கம் துருப்பிடிக்காமல் அப்படியே ஆற்றுக்குள் வந்து சேர்ந்தது. இனி நடந்ததுதான் அருமையான இயற்பியல். தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், குவார்ட்ஸுக்கு 2.65. அதாவது ஏறக்குறைய 7 மடங்கு. தண்ணீருக்குள் மிதப்பு விசை இரண்டிலிருந்தும் 1 கிராமைக் கழித்துவிடுவதால், அதே வித்தியாசம் 11 மடங்காகிவிடுகிறது! ஆகவே நீரோட்டம் தளரும் இடத்தில் தங்கம் முந்திக்கொண்டு இறங்கும்: ஆற்று வளைவின் உட்புறம், பெரிய பாறையின் மறைவு, அடிப்பாறையின் வெடிப்பு. ஒவ்வொரு வெள்ளமும் மணலைக் கிளறி அதை இன்னும் கீழே இறக்கும். தட்டைச் சுழற்றியவர்கள் இந்த வேலையின் கடைசிக் கட்டத்தைத்தான் செய்தார்கள். அரிசியில் கல் அரிப்பது போல, லேசான மணல் தண்ணீரோடு வழிந்து போக, கருமணலும் தங்கமும் அடியில் தங்கின.

சிக்கலும் இதிலேயே இருந்தது. ஆறு லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்ததை மனிதர்கள் சில கோடைகளில் வழித்தெடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் தங்க உற்பத்தி 1852லேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. கப்பலேறி மாதக்கணக்கில் பயணம் செய்து தாமதமாக வந்தவர்களில் பலர் கூலிக்காரர்களானார்கள். அதைவிடப் பெரிய கொடுமை பூர்வகுடிகளுக்கு நேர்ந்தது. 1848இல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த அவர்கள், நோய், பட்டினி, படுகொலை காரணமாக 1870க்குள் ஏறக்குறைய 30,000 ஆகக் குறைந்தார்கள்.

மேட்டில் புதைந்திருந்த பழைய ஆற்றுப்படுகைகளைத் தட்டால் தொட முடியாது. 1853 முதல் பெரிய குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவையே கரைத்தார்கள். இது முதலீடு உள்ள கம்பெனிகளின் வேலை. தனி ஆளுக்கு இதில் இடமில்லை. சேறு கீழே இறங்கி விவசாயிகளின் வயல்களை மூடியது. 1884இல் நீதிமன்றம் கழிவை ஆற்றில் விடத் தடை போட்டது.

தங்கத் தூளைப் பிடிக்கச் சுரங்கக்காரர்கள் ஊற்றிய பாதரசத்தில் ஒரு பகுதி ஆற்றோடு போய்ச் சேற்றில் படிந்தது. பாக்டீரியாக்கள் அதை மீதைல் பாதரசம் என்ற நச்சுப்பொருளாக மாற்ற, அது மீன்களில் சேர்கிறது. அந்தப் பகுதியின் சில ஏரிகளில் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று கலிபோர்னியா அரசு இன்றும் அறிவுறுத்திக்கொண்டிருக்கிறது.