ஆர்சி விமானம்: முதன்முறை பறக்கவிடும் முன் தரையில் பார்க்க வேண்டியவை

ஆர்சி விமானம், அதாவது தரையில் இருந்து ரேடியோ அலை மூலம் இயக்கும் சிறிய மாதிரி விமானம், கட்டவும் ஓட்டவும் கற்றுக்கொடுப்பது என் தொழில். கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லா வயதினரும் வருகிறார்கள். கூடவே பழுதுபார்க்கும் வேலையும் உண்டு. என் மேசைக்கு உடைந்து வரும் பயிற்சி விமானங்களில் பல, முதல் பறத்தலில் ஒரு நிமிடம்கூட வானில் நின்றிருக்காதவை. கொண்டுவருகிறவர்கள் "காற்று தள்ளிவிட்டது", "சிக்னல் போய்விட்டது" என்பார்கள். துண்டுகளைப் பிரித்துப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். பேட்டரி பின்னால் தள்ளி ஒட்டப்பட்டிருக்கும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பான ஏலெரான் எதிர்த்திசையில் அசையும். மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் கொம்பைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் திருகு போடாமலே விடப்பட்டிருக்கும். எல்லாமே புறப்படுவதற்கு முன், தரையில், சில நிமிடங்களில் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை. பல வாரங்கள் உட்கார்ந்து கட்டிய விமானத்தை அந்தச் சில நிமிட அவசரத்துக்குப் பலி கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதல் விமானம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இறக்கை உடலின் மேல் அமர்ந்த, மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானம்தான். இறக்கையின் இரு முனைகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் விமானம் அந்தப் பக்கமாகச் சறுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கும். அதன் தூக்குவிசை கூடி, விமானம் தானாக நிமிரப் பார்க்கும். கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியைவிட்டுக் கையை எடுத்தால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் இந்தக் குணம்தான் புதியவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. போர் விமான வடிவம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம், அது மூன்றாவது விமானமாக இருக்கட்டும் என்பேன்.

பொருள்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, சர்வோ போன்றவற்றுக்கு ரிச்சி தெருவைச் சுற்றி வந்தால் போதும். உடலுக்கும் இறக்கைக்கும் பால்சா மரம் அருமையானது, ஆனால் விலை கூடுதல். விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன் போர்டு, தெர்மாகோல், கோரோபிளாஸ்ட் ஆகியவற்றிலும் நன்றாகப் பறக்கும் விமானம் கட்டலாம். ஒன்றை மட்டும் இந்த ஊரில் மறக்கக் கூடாது. சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டிய மூட்டு, மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் இளகிவிடும். மோட்டார் தாங்கியையும் இறக்கையின் நடு மூட்டையும் எபாக்சியில் ஒட்டுங்கள்.

இனி எடைச் சமநிலை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் பறத்தலைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான்.

பெரம்பூரில் இருந்து ஓர் அப்பாவும் பள்ளியில் படிக்கும் மகளும் சன் போர்டில் கட்டிய விமானம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலைப்பாடு சுத்தமாக இருந்தது. விளிம்புகளை எல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தார்கள். "எடை எல்லாம் சரியாக இருக்கிறது சார், வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டோம்" என்றார் அப்பா. "எடை சரிதான் ஐயா, அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம்" என்றேன். முன்விளிம்பில் இருந்து பின்விளிம்பு வரை இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர். பயிற்சி விமானத்துக்கு ஈர்ப்பு மையம், முன்விளிம்பில் இருந்து அந்த அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்துக்குள் விழ வேண்டும். அதாவது 5 முதல் 6 சென்டிமீட்டர். அந்தப் பெண்ணே அளந்து, இரு இறக்கைகளின் அடியிலும் பேனாவால் கோடு போட்டாள். பேட்டரியை அதன் இடத்தில் வைத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கோட்டின் மேல் கொடுத்துத் தூக்கச் சொன்னேன். தூக்கியதும் வால் சடாரென்று கீழே போனது.

பேட்டரியை முன்னே தள்ளினோம். மோட்டாருக்குப் பின்னால் உள்ள தடுப்புப் பலகையில் இடித்து நின்ற பிறகும் வால் தாழ்ந்தே இருந்தது. "சார், மூக்கில் ஈயக் கட்டி வைக்கலாமா?" என்று கேட்டாள். வைக்கலாம்தான். ஆனால் அதற்கு முன் வால் ஏன் கனக்கிறது என்று பார்ப்போம் என்றேன். வால் உறுதியாக இருக்க வேண்டும் என்று சன் போர்டை இரட்டை அடுக்காக ஒட்டியிருந்தார்கள். நடுவில் தடித்த பசை. ஈர்ப்பு மையத்தில் இருந்து மூக்கு இருக்கும் தூரத்தைவிட வால் இருக்கும் தூரம் மிக அதிகம். ஆகவே வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமையும் ஈடுகட்ட மூக்கில் இரண்டு, மூன்று கிராம் சேர்க்க வேண்டிவரும். விமானம் வீணாகக் கனக்கும். கனத்த விமானம் வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும், வேகமாகப் பறப்பதைப் புதியவரால் சமாளிக்க முடியாது. அவள் பொறுமையாக ஓர் அடுக்கை உரித்தெடுத்தாள். மறுபடி தூக்கியபோது மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும். மூக்கு சற்றுக் கனத்த விமானம் மந்தமாக இருக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். வால் கனத்த விமானம் கையைவிட்ட அடுத்த நொடியே நிமிர்ந்து, வேகம் இழந்து, ஒரு பக்கமாகக் கவிழும். எந்தத் திறமையும் அதைக் காப்பாற்றாது.

அடுத்தது கட்டுப்பாட்டுத் திசை. விமானத்துக்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் பக்கமே நீங்களும் பார்த்தபடி சோதியுங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலெரான் மேலே போக வேண்டும், இடது கீழே வர வேண்டும். எலிவேட்டர் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் படுக்கை மடிப்பான எலிவேட்டர் மேலே எழ வேண்டும். வாலின் செங்குத்து மடிப்பான ரடர், குச்சியைத் தள்ளிய பக்கமே திரும்ப வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லியபடி செய்யுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். சர்வோவை மாற்றிய பிறகும், டிரான்ஸ்மிட்டரில் எதையாவது மாற்றிய பிறகும் மறுபடி சோதிக்க வேண்டும். அலுப்பாக இருக்கும். ஆனாலும் செய்யுங்கள்.

புரொப்பல்லரைப் பற்றிப் பெற்றோர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சாதாரணப் பயிற்சி விமானத்தில் இருக்கும் 10 அங்குலப் புரொப்பல்லர், நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிளாஸ்டிக்தானே என்று நினைக்காதீர்கள். விரலைத் தசையோடு நரம்போடு வெட்டிவிடும். பெட்ரோல் எஞ்சின் உறுமி எச்சரிக்கும். மின்மோட்டார் அப்படியில்லை. பேட்டரி இணைந்திருக்கும் வரை அது ஓசையில்லாமல் காத்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் மேசையில் கவிழ்ந்து மோட்டார் வேகத்தைக் கூட்டும் திராட்டில் குச்சி நகர்ந்தாலே போதும், முழு வேகத்தில் கிளம்பிவிடும். வீட்டில் சர்வோவைச் சரிபார்க்கும்போதும் டிரான்ஸ்மிட்டரில் எதையாவது அமைக்கும்போதும் புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரியை இணைக்க வேண்டும். என் வகுப்பில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. ஆன் செய்யும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு டிரான்ஸ்மிட்டர். புரொப்பல்லர் கழற்றிய நிலையிலேயே சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபையும் சோதியுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்ததும் மோட்டார் நின்றாக வேண்டும். மைதானத்தில் மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்கும்போது விமானத்தை ஒருவர் பின்னால் இருந்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள, யாரும் புரொப்பல்லருக்கு நேர் முன்னாலோ அது சுழலும் தளத்தின் பக்கவாட்டிலோ நிற்கக் கூடாது. தொங்கும் துப்பட்டா, கழுத்துப் பட்டை, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வரச் சொல்கிறேன்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கும் அதே மரியாதை வேண்டும். ஒரு செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட், அதாவது மூன்று செல் பேட்டரிக்கு 12.6 வோல்ட். பறந்து முடிக்கும்போது செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 2,200 மில்லி ஆம்பியர்-மணி (mAh) பேட்டரி என்றால் 2.2 ஆம்பியருக்கு மேல் கொடுத்துச் சார்ஜ் செய்யத் தேவையில்லை. செல்களைச் சமன்செய்யும் சார்ஜர்தான் வாங்க வேண்டும். உப்பிய பேட்டரியை "இன்னும் ஒரே ஒரு முறை" என்று மாட்டுவது தீ விபத்தை அழைப்பது. சார்ஜ் ஆகும்போது தனியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மெத்தை, சோபா, திரைச்சீலை அருகே வைக்காதீர்கள். சிமென்ட் தரையோ மண் தொட்டியோ நல்லது. வெயிலில் நிற்கும் காரிலும் வண்டியின் டிக்கியிலும் விட்டுவைப்பது இங்கே வாடிக்கையாக நடக்கிறது, அதை இன்றே நிறுத்துங்கள்.

எங்கே பறக்கவிடுவது? சென்னைவாசிகளுக்கு இதுதான் பெரிய சிக்கல். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி. வளாகம் குரோம்பேட்டையில்தான் இருக்கிறது. அந்த நினைவோடு விமானம் கட்டத் தொடங்கும் பிள்ளைகள் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வசிக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், மறுபக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். அங்கே மொட்டைமாடியில் இருந்துகூடப் பறக்கவிடக் கூடாது. ஆளில்லா விமானங்களுக்கான 2021 ட்ரோன் விதிகள் நம் விமானங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வான்பரப்பைப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் அனுமதி வேண்டும். பச்சையில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடிதான். கிளம்பும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பாருங்கள். நிலத்தின் சொந்தக்காரரிடமும் கேளுங்கள். மெரினாவில் வேண்டவே வேண்டாம். கூட்டம் ஒரு காரணம். மணலும் உப்புக்காற்றும் மோட்டாரைத் தின்றுவிடும் என்பது இன்னொன்று. பள்ளிக்கரணை சதுப்புநிலம் வெட்டவெளியாகத் தெரிந்தாலும் அது பறவைகளின் இடம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள தளம். உயர் அழுத்த மின்கம்பிகள் கண்ணில் படும் எந்த நிலமும் உதவாது. கம்பியில் சிக்கிய விமானத்தைக் கழியால் எடுக்க முயலவே கூடாது.

நேரம் காலைதான். கோடையில் பெரும்பாலும் முற்பகல் முடிவதற்குள் கடற்காற்று உள்ளே வந்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக வீசும். சூரியன் எழுந்த பிறகு முதல் ஒரு மணி நேரம்தான் புதியவருக்கு உகந்தது. ஒரு கைப்பிடிப் புல்லைக் கிள்ளித் தூவிப் பாருங்கள். நேராகக் காலடியில் விழுந்தால் தொடங்கலாம்.

முதலில் மோட்டாரை ஓடவிடாமல், புல்தரையின் மேல், காற்றை எதிர்த்து, நேர்மட்டமாக எறிந்து சறுக்கவிடுங்கள். மெல்லத் தாழ்ந்து போய் இறங்கினால் எடைச் சமநிலை சரி. பிறகு மோட்டாரோடு எறியலாம். மேல்நோக்கி எறிவது பலரும் செய்யும் தவறு. மூக்கு தூக்கியபடி கிளம்பும் விமானத்துக்கு வேகம் போதாது. எறிகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர். ஓட்டுகிறவர் பழகியவராக இருக்க வேண்டும். நேராகப் பறக்கும்படி அவர் டிரிம் செய்து (குச்சியின் நடுநிலையைச் சிறிது சிறிதாகத் திருத்தி) உயரத்துக்குக் கொண்டுபோன பிறகே மாணவர் கையில் டிரான்ஸ்மிட்டர். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, தேவைப்பட்ட கணத்தில் ஆசிரியர் திரும்ப வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. யூடியூப் பார்த்துத் தனியாகப் பழகிவிடலாம் என்று வருகிறவர்களிடம், முதலில் கணினி சிமுலேட்டரில் பழகிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அந்தக் குழப்பத்தைக் கண்ணும் கையும் சேர்ந்து பழகித்தான் கடக்க முடியும். எதிரே வரும் விமானத்தில் எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

வேகம் குறைந்து மூக்கு தொங்கினால் எலிவேட்டரை இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். இழுத்தால் இறக்கை தூக்குவிசையை மேலும் இழக்கும். குச்சியைத் தளர்த்தி, மூக்கைத் தாழவிட்டு, வேகம் வந்த பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். இதற்கு உயரம் வேண்டும். அதனால் முதல் நாள் தாழப் பறக்கக் கூடாது. விழப்போகிறது என்று தெரிந்துவிட்டால் முதல் வேலை திராட்டிலை இறக்குவதுதான். மோட்டார் நின்று விழுந்தால் சேதமும் குறையும், கீழே இருப்பவர்களுக்கும் ஆபத்து குறையும்.

ஐந்து நிமிடத்துக்கு டைமர் வைத்து இறக்கிவிடுங்கள். இறங்கியதும் பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரிம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு, சர்வோவையும் மடிப்பையும் இணைக்கும் தள்ளுகம்பியின் நீளத்தைத் திருத்தி, டிரிமை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இறக்கையைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களை மாற்றுங்கள். நம் வெயிலில் அவை சீக்கிரம் வெடித்துவிடும். மோட்டார் திருகுகளை ஒருமுறை முடுக்குங்கள். அடுத்த வாரம்தான் மறுபடி பறக்கப் போகிறீர்கள் என்றால், பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, நிழலான இடத்தில் எடுத்து வையுங்கள்.